நிழல்பாத்திக்கு ஒரு செங்கல்

உங்கள் மேஜைமேல் இருக்கும் அந்தச் செடிக்கு யாரோ தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பாசத்தில்தான் ஊற்றுகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் தொட்டிக்கு அடியில் ஓட்டை இல்லை. அடித்தண்டு கறுக்கத் தொடங்கிவிட்டது, பாருங்கள். ஒரு வாரம் யாரும் அதைத் தொடாமல் விட்டால் பிழைத்துக்கொள்ளும். செடி வளர்ப்பதில் பாதி வேலை சும்மா இருப்பதுதான். எல்லோருக்கும் அது கைவருவதில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவருக்குக் கை வலித்தால் சொல்லட்டும், நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

வயது அறுபத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு மருத்துவமனையில், எக்ஸ்ரே பிரிவின் இருட்டறையில், முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். இப்போது எல்லாம் கணினித் திரையில் வந்துவிடுகிறது. அப்போது ஃபிலிமை மருந்தில் முக்கி, கழுவி, கம்பியில் மாட்டிக் காயப்போட வேண்டும். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே ஃபிலிம் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. ஒரு விரல் அகல வெளிச்சம் உள்ளே வந்தாலும் யாரோ ஒருவருடைய நெஞ்சு வெறும் புகையாகிவிடும். நான் சேர்ந்த முதல் வாரம், பெரிய டாக்டர் தட்டுகிறாரே என்று பயந்து திறந்துவிட்டேன். நாலு பேருடைய படம் பாழாயிற்று. எங்கள் மேற்பார்வையாளர் கத்தவில்லை. "தட்டுறவங்க தட்டிட்டுதான் இருப்பாங்க. நீ உன் வேலைய முடி" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு ஃபிலிம்கூட என் கையில் கெட்டதில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று இதையே சொல்லி எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். கூடத்தில் மாட்டியிருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு நிமிடம் பின்தங்கி ஓடும்.

வீடு அப்பா கட்டியது. பின்னால் நீளமாகத் தோட்டம். ஒரு பக்கம் ஆளுயரத்துக்கு மேல் மதில். இன்னொரு பக்கம் நாலு மாடிக் கட்டிடத்தின் முதுகு, அதில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. கோடியில் குடை மாதிரி விரிந்த பெரிய மரம். அதன் அடியில் பின்னறை. கதவு தரைமட்டத்தில் இருக்கும், உள்ளே மூன்று படி இறங்க வேண்டும். மண்வெட்டி, கூடை, பழைய தொட்டி என்று தோட்டத்துச் சாமானெல்லாம் அதற்குள்தான். அந்தக் கதவு ஒரு தொல்லை. நிலை ஒருபக்கம் சாய்ந்துபோனதால் விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். ஈரத்தில் மரம் உப்பி இறுகிக்கொள்ளும். உள்பக்கக் கைப்பிடி உடைந்து எத்தனையோ காலம் ஆகிறது. வெளியிலிருந்து சற்றுத் தூக்கி இழுத்தால்தான் வரும். அதனால் உள்ளே போகிறவர்கள் கதவுக்கு ஒரு செங்கல் முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். யாரும் தடுக்கி விழக் கூடாதென்று அப்பா அந்தச் செங்கலின் ஒரு பக்கத்துக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார். நானும் என் தங்கையும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்களுக்குச் சொன்ன முதல் புத்திமதியே "செங்கல் வெச்சியா?" என்பதுதான்.

நிழல் என்றால் அப்படியொரு நிழல். காலையில் ஒரு மணி நேரம் சல்லடையில் சலித்த மாதிரி வெயில் வரும், அதோடு சரி. எது வைத்தாலும் நோஞ்சானாகப் போகும். பிறகுதான் வார்டு நர்ஸ் ஒருத்தி ஒரு காகித மடிப்பில் மூன்று குட்டிக்கிழங்குகளைக் கொடுத்தாள். மிளகை விடக் கொஞ்சம் பெரிது. "பெகோனியா. குளிர் தாங்குற ஜாதி. வெயிலே வேணாம். வெச்சுட்டு மறந்துடுங்க" என்றாள். அந்த மூன்றிலிருந்து பத்தொன்பது வருடத்தில் இருபதடி நீளப் பாத்தி ஆயிற்று. நான் வாங்கியது ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் குட்டிக்கிழங்கு பிடிக்கும், உதிரும், அதுவே மறுவருடம் செடியாகும். தண்ணீர் தேங்கக் கூடாது, காயவும் கூடாது. இலைச்சருகு மக்கிய மண் வேண்டும். வேறு எதுவும் கேட்காது.

இலை ஒருபக்கம் சாய்ந்த இதயம் மாதிரி இருக்கும். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கச் சிவப்பு நரம்பு. பின்னாலிருந்து வெளிச்சம் விழும்போது, வெளிச்சப் பெட்டியில் மாட்டிய ஃபிலிம் மாதிரித் தெரியும். ஊரிலுள்ள தோட்டமெல்லாம் பூத்து ஓய்ந்தபிறகுதான் இது பூக்கும். வெளிர் ரோஜா நிறத்தில், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். என் வாழ்க்கையில் அந்த ஒரு சந்தோஷம் போதும் என்று மனப்பூர்வமாக நினைத்தேன்.

இந்தச் செடியில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். குளிர் வந்ததும் தண்டு தானாகக் கழன்று விழுந்துவிடும். மண்ணுக்கு மேல் ஒன்றும் இருக்காது. குளிர் விட்டதும் மற்ற செடியெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு துளிர்க்கும், இது மட்டும் வராது. ஒரு மாதம், சில வருடம் ஒன்றரை மாதம்கூட, மொட்டை மண்ணாகவே கிடக்கும். தெரியாதவர்கள் செத்துவிட்டது என்று தோண்டி எறிந்துவிடுவார்கள். இந்தச் செடி குளிரில் சாவதில்லை. ஆட்களின் அவசரத்தில்தான் சாகிறது.

இனி என் தங்கை. என்னைவிட நாலு வயது சின்னவள். பிறக்கும்போதே ஒன்றரை மாதம் முந்திக்கொண்டு பிறந்தவள். அவசரக்குடுக்கை என்று திட்டித் திட்டி, அப்பா கடைசியில் அதைக் 'குடுக்கை' என்று சுருக்கிவிட்டார். அந்தப் பெயரே நிலைத்தது. என்னை அவள் ஆமை என்பாள். "ஆமையக்கா, டீ இன்னைக்கா நாளைக்கா?" என்று கூடத்திலிருந்து குரல் கொடுப்பாள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் கணவர் இறந்தார். மகன் வேறு ஊரில் வேலை பார்க்கிறான். "தனியா இருந்து என்ன பண்ணப்போறேன், நீயும் தனியாதான் இருக்க" என்று போன மழைக்காலத்தில் இரண்டு பெட்டியோடு வந்துவிட்டாள். வருவதை முதல் நாள்தான் சொன்னாள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி வீடு முழுக்க நடந்தாள், அன்றைக்கே சமையலறையை மாற்றி அடுக்கினாள்.

எனக்கு அவளைப் பிடிக்காது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பிடிக்கும். அவள் வந்தபிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அவள் முடிப்பாள், பெரும்பாலும் தப்பாக. அதற்கு இருவரும் சிரிப்போம். அவளுக்குச் சர்க்கரை முற்றிய நிலை. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டும். மருந்துப் பெட்டி ஃபிரிட்ஜ் கதவில், பாலுக்குப் பக்கத்தில் இருக்கும். ஊசியைக்கூட நின்றுகொண்டே போட்டுக்கொள்வாள்.

குளிர் முடிந்த சமயத்தில் எனக்கு மூட்டு அறுவை நடந்தது. பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தேன். வீட்டுக்கு வந்த அன்று, கைத்தடியோடு என்னை நேராகப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள்.

"கண்ண மூடு. நான் சொல்றப்பதான் திறக்கணும்."

மூடினேன்.

"இப்ப திற."

பாத்தியில் ஆரஞ்சு நிறப் பூச்செடிகள் வரிசையாக நின்றன. நாற்றுப் பண்ணையிலிருந்து வந்த செடிகள். ஒன்றொன்றுக்கும் நடுவில் அளந்த மாதிரி ஒரு சாண் இடைவெளி.

"இங்க இருந்ததெல்லாம் எங்கடி?" என்றேன்.

"அதெல்லாம் செத்துப்போச்சுக்கா. ஊரே துளிர்த்துடுச்சு, இதுல ஒண்ணுகூட அசையல. தோண்டிப் பார்த்தா அழுகின வெங்காயம் மாதிரி கிடக்கு. நீ வந்து பார்த்தா மனசு உடைஞ்சுபோவியேன்னு நானே எல்லாத்தையும் அள்ளிட்டேன். நாற்றுக்காரர் உரக்குழிக்கு ஆகும்னு மூட்டையா கட்டி எடுத்துட்டுப் போயிட்டார்." என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நல்லா இல்லையா?"

கத்தியிருக்கலாம். எனக்குக் கத்திப் பழக்கமில்லை. "நல்லா இருக்கு" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், பிறகு டீ போட ஓடினாள். மண்ணில் இன்னும் மண்வெட்டித் தடம் இருந்தது. ஓரத்தில் நான் அடுக்கியிருந்த செங்கற்கள் தாறுமாறாகக் கிடந்தன. ஒன்று இரண்டாக உடைந்திருந்தது.

அன்று மாலை அவளிடம் சொன்னேன். அது சாகவில்லை, தூங்கியது, இன்னும் ஒரு மாதத்தில் வந்திருக்கும் என்று. ஒரே ஒரு முறை, அமைதியாகத்தான் சொன்னேன். அவள் முகம் செத்துப்போயிற்று. "சொல்லக் கூடாதாக்கா?" என்றாள். பத்தொன்பது வருடத்தில் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு வந்ததில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவள் இரண்டு மூன்று முறை தொடங்கினாள். நான் எழுந்து போய்விட்டேன்.

ஆரஞ்சுப் பூக்கள் பத்தே நாளில் வெளிறிவிட்டன. நிழலில் பின் என்ன ஆகும்? இவள் அதற்கும் வழி கண்டுபிடித்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது, "அந்த மரத்தக் கழிச்சு விட்டா என்னக்கா? பாதி கிளைய இறக்கிட்டா வெயில் கொட்டும். மரம் வெட்டுறவர்கிட்ட சொல்லிட்டேன், அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை வரேன்னார்" என்றாள். சொல்லிவிட்டுத்தான் கேட்டாள். அது அவள் வழக்கம். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். நிழலும் போய்விட்டால் அந்தத் தோட்டத்தில் என்னுடையது என்று எதுவும் மிஞ்சாது. வேண்டாம் என்றேன். "நிழல்ல என்னக்கா இருக்கு, காளான்தான் முளைக்கும்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கடுத்த நாட்களில் அவள் பின்னறைக்கு அடிக்கடி போய்வந்தாள். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. வரும்போது கையை முந்தானையில் துடைத்துக்கொள்வாள். என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். அவளுக்கு வாயில் எதுவும் தங்காது, அப்படிப்பட்டவள் ஒண்ணுமில்லை என்றால் ஏதோ இருக்கிறது. ரம்பம், கயிறு எல்லாம் எடுத்து வைக்கிறாள், திங்கட்கிழமைக்கு ஆயத்தம் செய்கிறாள் என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. காலை பத்து மணி. முதல் நாள் முழுக்க மழை பெய்திருந்தது. எனக்கு மூட்டு ஓரளவு வளையத் தொடங்கியிருந்ததால், மண்வெட்டியைப் பக்கத்தில் வைத்து, ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பாத்தி ஓரத்துச் செங்கற்களை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு குவளைத் தண்ணீரோடு என்னைத் தாண்டிப் போனாள். குடிக்கத்தான் எடுத்துப்போகிறாள் என்று நினைத்தேன். "அஞ்சு நிமிஷம்கா. வந்து டீ போடறேன்" என்றாள். கொஞ்ச நேரத்தில் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. செங்கல் வைக்காமல் போயிருக்கிறாள், அவசரக்குடுக்கை. அப்படித்தான் உங்களுடைய முதல் விசாரணையில் சொன்னேன், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள்.

தட்டினாள். கூப்பிட்டாள். கனமான கதவு, வெளியே சத்தம்தான் வரும், சொல் வராது. நான் கையிலிருந்த வேலையை முடிக்கலாம் என்று நினைத்தேன். இன்னும் ஆறு செங்கல் பாக்கி இருந்தது. அடுக்கி முடித்தேன், மட்டம் பார்த்தேன். அரை மணி நேரம் ஆகியிருந்தது. காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கும் ஒருதரம் தெரியட்டுமே என்று தோன்றியது. அதில் தப்பு இருப்பதாக அப்போது எனக்குப் படவில்லை. இப்போதும், அந்த அரை மணி நேரத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், பெரிய தப்பாகத் தெரியவில்லை.

பிறகு உள்ளே வந்து சமைத்தேன். ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்கிறேன் என்பது அரிசியை அளந்த பிறகுதான் உறைத்தது. அங்கிருந்துதான் சிக்கல் தொடங்கியது. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பத்து நிமிடத்தில் திறந்திருந்தால் இருவரும் சிரித்திருப்போம். ஒரு மணி நேரத்தில் திறந்திருந்தால் சண்டை போட்டிருப்போம். மத்தியானம் திறந்தால், இத்தனை நேரம் என்ன செய்தாய் என்று கேட்பாள், என்னிடம் பதில் இல்லை. மாலையில் திறந்தால் மகனிடம் சொல்வாள். மறுநாள் திறந்தால் உங்களிடம் வருவாள். திறக்காமல் இருந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது, அதைச் சொல்ல முடியாமல் இன்னொரு மணி நேரம் போயிற்று. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை விட்டால் நான் சொல்லக்கூடிய காரணம் வேறு இல்லை. மரமும் ஒரு காரணம் என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மரம் வெட்டுகிறவர் வருவார், அவரை நான் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட வேண்டும், அதுவரைக்கும் என்று ஒரு கெடு வைத்துக்கொண்டேன்.

மாலையில் பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். மருந்துப் பெட்டி இருந்தது. அவள் ஊசி போடும் நேரம். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். நான் படம் கழுவியவள்தான், டாக்டர் இல்லை. இருந்தாலும் முப்பத்தோரு வருடம் ஒரு மருத்துவமனையில் இருந்தால் காதில் விழாமல் போகாது. முதலில் தாகம் எடுக்கும். பிறகு குமட்டல், வாந்தி. பிறகு ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கும். அப்புறம் தூக்கம். நான் பாலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். மறுநாள் பால் பாத்திரத்தைக் கீழ்த்தட்டுக்கு மாற்றி வைத்தேன். அந்தப் பெட்டியை ஒவ்வொரு தடவையும் பார்ப்பது கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை அவளுடைய ஃபோன் அடித்தது. சமையலறையில் சார்ஜ் போட்டிருந்தாள். மகன்தான்.

"பெரியம்மா, அம்மா எங்க?"

"யாரோ பழைய சிநேகிதியப் பார்க்கணும்னு ஊருக்குக் கிளம்பிட்டாடா. ரெண்டு மூணு நாளாகும். ஃபோன மறந்துட்டுப் போயிட்டா."

"அம்மாவா, கொக்கா? சரி, வந்ததும் பேசச் சொல்லுங்க" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். நல்ல பையன். அவனுக்கு ஒன்றரை வயதில் நிமோனியா வந்தபோது அவன் நெஞ்சுப் படத்தை நான்தான் கழுவினேன். அவ்வளவு சின்ன விலா எலும்பு.

சத்தம் வெளியே போகவில்லையா என்று கேட்டீர்கள். பக்கத்து நாலு மாடிக் கட்டிடத்தில் ஏதோ இடித்துக் கட்டுகிறார்கள், பகல் முழுக்க இயந்திரம் ஓடுகிறது. எனக்கு மட்டும் கேட்டது. தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பது எனக்குப் பழக்கம்தானே. ஆரஞ்சுச் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மண்ணைக் கிளறிச் சருகு போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று தட்டுக் கேட்டது. நடுவில் நிதானமாக இடைவெளி விட்டு, அந்நியர் வீட்டு வாசலில் நின்று தட்டுகிற மாதிரி. பிறகு கேட்கவில்லை. சிவப்பு விளக்கை அணைக்கிற நேரம் வந்துவிட்டது என்று தோன்றியது. ஆனாலும் கெடு திங்கட்கிழமைதான், நான் அவசரப்படவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே குளித்து, வெளியே போகிற புடவை கட்டிக்கொண்டு வாசல் அறையில் உட்கார்ந்தேன். மரம் வெட்டுகிறவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்தேன். பத்து மணி ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. தங்கையின் ஃபோனிலிருந்து நானே அவரைக் கூப்பிட்டேன்.

"மரமா? அந்தம்மா பத்து நாளைக்கு முன்னாடியே வேணாம்னு சொல்லிட்டாங்களேம்மா. அவங்க அக்காவோட செடிக்கு நிழல் வேணுமாமே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.

ஃபோனைப் பழையபடி சார்ஜில் மாட்டினேன். அப்போதாவது எழுந்து போய்த் திறந்திருக்கலாமே என்பீர்கள். யாருக்காகத் திறப்பது? மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. அன்று முழுவதும் மனம் சரியில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை மகன் வந்தான். அம்மா ஊசி போட மறக்கக் கூடாதே என்ற கவலைதான் அவனைக் கிளப்பியிருக்கிறது. வந்தவன் தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜைத் திறந்தான். மருந்துப் பெட்டியைக் கையில் எடுத்தான்.

"பெரியம்மா, அம்மா ஊருக்குப் போயிருக்காங்கன்னீங்க. மருந்து இங்கயே இருக்கே?"

அவன் அறை அறையாகப் பார்த்தான். செருப்பைப் பார்த்தான். பின்கட்டுக்குப் போனான். பின்னறைக் கதவை இழுத்தான், வரவில்லை. நான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே போயிருந்தேன். "கொஞ்சம் தூக்கி இழுக்கணும்டா" என்றேன். அவன் திரும்பி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி நீங்கள் அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அவள் மேல்படியில், கதவை ஒட்டிப் படுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய தட்டு, அதில் ஈர மணல். மணல் முழுக்க என் பெகோனியாக் கிழங்குகள். நாற்றுக்காரர் உங்களிடம் சொல்லியிருப்பார். அது சாகவில்லை என்று நான் சொன்ன மறுவாரமே அவரிடம் ஓடியிருக்கிறாள். "இது சாகலம்மா, தூங்குது" என்று அவரும் சொல்லி, உரக்குழிப் பக்கத்தில் கிடந்த மூட்டையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். முளைத்ததும் கொண்டுவந்து காட்டலாம் என்று ஒளித்து வைத்து வளர்த்திருக்கிறாள். கண்ணை மூடு, திற என்று சொல்வதற்காக. குவளை காலியாக இருந்தது. அத்தனையையும் உள்ளே போனவுடனேயே கிழங்குகளுக்கு ஊற்றியிருப்பாள். கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் அகல வெளிச்சம் வரும். தட்டை அந்த இடத்துக்கு நகர்த்தி வைத்திருந்தாள். முளைகள் எல்லாம் வெளிச்சத்தின் பக்கமாகச் சாய்ந்திருந்தன.

இவ்வளவுதான் நடந்தது. கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் இரண்டு திருத்தம் இருக்கிறது. சுத்தமாக இல்லாத படத்தை நான் ஒருநாளும் வெளியே அனுப்பியதில்லை.

ஒன்று. சொல் வெளியே வராது என்றேன். வரும். கதவுக்கு அருகில் போனால் நன்றாகவே வரும். சனிக்கிழமை காலையில் போனேன். என் கைத்தடிச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. "அக்கா, நீ கோவமா இருக்கேன்னு தெரியும். நான் பண்ணது தப்புதான். உன் கிழங்கெல்லாம் இங்கதான் இருக்கு, ஒண்ணுகூட போகல. முளைச்சிருக்கு பாரு. திறந்து பாரு" என்றாள். பொய் சொல்கிறாள் என்று நினைத்ததாக உங்களிடம் சொல்லிவிடலாம். ஆனால் அவளுக்குப் பொய் சொல்ல வராது. நம்பினேன். நம்பியதுதான் கஷ்டமாகப் போயிற்று. திறந்தால் அந்தத் தட்டை என் கையில் கொடுப்பாள். நான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் கோபப்பட என்னிடம் எதுவும் இருக்காது. போதாக்குறைக்கு முளைத்தும்விட்டதாம். பத்தொன்பது வருடம் நான் காத்துக் கிடந்தேன், எனக்கு ஒரு வருடமும் அவ்வளவு சீக்கிரம் முளைத்ததில்லை. அவள் கைக்கு இருபது நாளில் முளைத்துவிட்டது. நான் திரும்பிவந்து பாத்தியில் மிச்சமிருந்த ஆரஞ்சுச் செடிகளைப் பிடுங்கினேன்.

இரண்டாவது, அந்த வெள்ளிக்கிழமை. பாத்தி ஓரத்துக்கு ஒரு செங்கல் குறைந்தது. மண்வெட்டியால் அவள் உடைத்தாளே, அதற்குப் பதில் ஒன்று வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒன்று இருந்தது, எடுத்துக்கொண்டேன். கதவை நான் சாத்தவில்லை, அது தானாகத்தான் சாத்திக்கொண்டது. உங்கள் ஆட்கள் போய்ப் பார்க்கட்டும், மரத்துப் பக்கமிருந்து ஆறாவது செங்கல். வெள்ளையடித்த பக்கத்தை மண்ணைப் பார்த்த மாதிரி வைத்திருக்கிறேன், வரிசை ஒரே நிறமாக இருக்கட்டும் என்பதற்காக.

அவசரக்குடுக்கை, செங்கல் வைக்காமல் போனாள் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? அதை அடித்துவிடுங்கள். அன்றைக்கு அவள் கைக்குவளையைக் கீழே வைத்து, குனிந்து, செங்கலை நன்றாக முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.